பறவை நோக்கலுக்கான பைனாகுலர்: எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்யும் முறை

பறவை பார்ப்பதில் ஈடுபாடு கொண்ட ஒருவர் வாங்கும் முதல் பெரிய பொருள் பைனாகுலர்தான். சந்தையில் அது 3,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 3 லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தான் இருக்கும். பல வேளைகளில் உடலில் பொறித்திருக்கும் எண்களும் ஒன்றாகவே இருக்கும். இந்த நூறு மடங்கு இடைவெளியில் தமக்குரிய இடம் எது என்று புரியாமல், ஒரு சாரார் மிக மலிவானதை வாங்கி நான்கு முறை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் நல்லதாக வாங்கப் பணம் சேர்க்கிறோம் என்று ஆண்டுக்கணக்கில் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது இழப்பே பெரியது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் ஒரு வலசைப் பருவம் கைநழுவினால் அடுத்ததற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

"கையில் எவ்வளவு இருக்கிறது" என்ற கேள்வியோடு தொடங்கினால் கடைக்காரர் அந்தத் தொகைக்குள் அடங்கும் எதையாவது எடுத்து வைப்பார். அதற்கு மாறாக, எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற அடிமட்டத்தையும், எதற்கு மேல் கொடுக்கும் பணம் உங்கள் கண்ணுக்குப் பயன் தராது என்ற உச்சத்தையும் முதலில் வகுத்துக்கொண்டால், பணப்பையின் கணக்கு அவ்விரண்டுக்கும் நடுவே எளிதாக அமர்ந்துவிடும். அந்த வரிசையிலேயே கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: எங்கே, எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறீர்கள்?

ஒரு தாளில் கடந்த ஆண்டு நீங்கள் பறவை பார்க்கச் சென்ற இடங்களையும், அங்கே இருந்த நேரத்தையும் எழுதுங்கள். செல்ல விரும்பிய இடங்களை எழுத வேண்டாம். உண்மையில் சென்ற இடங்கள் மட்டும் போதும். வீட்டு மாடி, ஊர்க் கண்மாய், கல்லூரி வளாகம் என்று பட்டியல் எளிமையாக இருந்தாலும் குறையில்லை, பெரும்பாலோரின் பட்டியல் அப்படித்தான் இருக்கும்.

இடம் மாறினால் தேவையும் மாறும். கூந்தன்குளத்திலோ பள்ளிக்கரணையிலோ காலை எட்டு மணிக்கு மேல் நிற்பவருக்கு வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கிறது. அவருக்குத் தூரமே சிக்கல். கோடியக்கரையின் சேற்றுப் பரப்பில் மேயும் உள்ளான் கூட்டத்தில் கொசு உள்ளானையும் அதையொத்த டெம்மிங்கு உள்ளானையும் பிரித்தறிய வேண்டுமானால் கால் நிறத்தைப் பார்க்க வேண்டும்: முன்னதற்குக் கறுப்புக் கால், பின்னதற்கு மங்கிய மஞ்சள் கால். சிட்டுக்குருவி அளவேயுள்ள பறவையின் காலை, வெயிலில் நடுங்கும் காற்றினூடே, நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும் வேலை அது. வால்பாறையின் சோலைக்காட்டிலோ பறவை இருபது மீட்டரிலேயே இருக்கும். ஆனால் நண்பகலிலும் மரத்தடி மங்கலாக இருக்கும், பறவையும் ஓரிடத்தில் நிற்காது. இலைகளுக்கிடையே தாவும் கதிர்க்குருவியின் இறக்கையில் ஓடும் மெல்லிய வெளிர்கோட்டைக் காண அங்கே உருப்பெருக்கத்தைவிட ஒளியும் அகலமான காட்சிப் பரப்புமே (ஒரே நேரத்தில் வட்டத்துக்குள் தெரியும் அகலம்) உதவும். வேடந்தாங்கலில் மாலையில் இரை தேடித் திரும்பும் பறவைகளைப் பார்க்கக் காத்திருப்பவர் இவ்விருவருக்கும் இடைப்பட்டவர்: பறவைகள் எதிரே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கின்றன, ஆனால் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகிறது.

உங்கள் தாளில் பகல் வெளிச்சமே மிகுதியாக இருந்தால், விலையின் பெரும்பகுதி வாங்கித் தரும் ஒரு பயன், அதாவது மங்கிய ஒளியிலும் தெளிவாகத் தெரிவது, உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அதிகாலையும் அந்தியும் காடும் மிகுதியாக இருந்தால் அதே பயன்தான் உங்களுக்கு முதன்மையானது. பணத்தைப் பற்றிய முடிவில் பாதி இங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

படி 2: எண்களை முடிவு செய்யுங்கள், அதற்குப் பணம் தேவையில்லை

8×42 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42இல் அது 5.25 மி.மீ., 10×42இல் 4.2 மி.மீ., 8×32இல் 4 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் மூன்றுமே போதும். அந்தியில் கண்மணி விரியும்போதுதான் 5.25 மி.மீ. கற்றை தன் பயனைக் காட்டும். வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவு குறைந்துகொண்டே வரும் என்பதால், அறுபதைக் கடந்தவர் மிகப் பெரிய முன்வில்லைக்காகக் கூடுதல் பணமும் எடையும் சுமக்க வேண்டியதில்லை.

எட்டா, பத்தா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரே வரிசையில் இரண்டின் விலையும் பெரும்பாலும் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயே வேறுபடும் என்பதால் இது பணம் சார்ந்த கேள்வியன்று. பத்து மடங்கில் பறவை பெரிதாகத் தெரியும். கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், காட்சிப் பரப்பும் குறுகும். புதிதாகத் தொடங்குபவருக்கு எட்டையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், ஏனெனில் தொடக்கத்தில் கடினமானது பறவையைப் பெரிதாக்குவதன்று, அதை வட்டத்துக்குள் கொண்டுவருவதுதான். திறந்த சதுப்பு நிலத்திலேயே பெரும்பாலும் நிற்பவர் பத்தை எடுக்கலாம். பன்னிரண்டுக்கு மேல் சென்றால் முக்காலி வேண்டும்.

இணையக் கடைகளில் மலிவாக வரும் 20×50, 30×60 போன்றவற்றையும், உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஜூம் வகைகளையும் இந்தப் படியிலேயே ஒதுக்கிவிடுங்கள். எண்ணைப் பெரிதாக அச்சிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. அந்த எண்ணில் தெளிவான படத்தைத் தருவதற்கே செலவு. முன்வில்லையில் மாணிக்கச் சிவப்பாக மின்னும் பூச்சு உள்ளவற்றையும் தவிர்க்கவும். சிவப்பைத் திருப்பியனுப்பும் அந்தப் பூச்சினால் பறவையின் நிறமே மாறித் தெரியும், நிறத்தை வைத்தே இனத்தை முடிவு செய்யும் நமக்கு அது ஆகாது.

படி 3: கூடுதல் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். விலையேற்றத்துக்கான காரணங்களைத் தெரிந்துகொண்டவரை விளம்பரம் எளிதில் அசைக்க முடியாது.

முதலாவது பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பியனுப்பிவிடும். ஒரு குழலுக்குள் அப்படிப்பட்ட பரப்புகள் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வராமலே போய்விடும். போனது போக, அந்த ஒளி உள்ளே சிதறிப் படத்தின் மீது வெண்திரை போலப் படியும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சை உருவாக்கினார். இன்று பல அடுக்குப் பூச்சினால் ஒரு பரப்பின் இழப்பை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடிகிறது. அதே பத்துப் பரப்புகளுக்கு மொத்த இழப்பு 5 சதவீதத்தில் நின்றுவிடும். பெட்டியின் மீது "கோட்டட்" என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒற்றை அடுக்கு இருக்கிறது என்று பொருள். "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்று இருந்தால்தான் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. கொடுக்கும் பணத்துக்கு மிக அதிகப் பயன் தருவது இந்த ஒரு வேறுபாடுதான்.

இரண்டாவது பட்டகம். தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்துவதற்காக உள்ளே பட்டகங்கள் உள்ளன. முன்வில்லைகள் ஒன்றுக்கொன்று விலகி, தோள்பட்டை போல் மடிந்திருக்கும் பழைய வடிவம் போரோ. நேர்க்குழல் வடிவம் ரூஃப். போரோவை நன்றாகச் செய்ய அதிகச் செலவு ஆகாது. ரூஃப் பட்டகத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும்போது அலைகள் ஒத்துப்போகாமல் கூர்மை குறைகிறது, இதைச் சரிசெய்யும் கட்டப் பூச்சை (ஃபேஸ் கோட்டிங்) ஸைஸ் 1988இல் அறிமுகப்படுத்தியது. அதோடு, பெரும்பாலான ரூஃப் பட்டகங்களில் ஒரு முகத்துக்கு ஒளியைத் திருப்பும் ஆடிப் பூச்சு தேவை. அலுமினியம் பூசினால் ஒளி கணிசமாகக் குறையும், வெள்ளி அதைவிட மேல், டைஎலக்ட்ரிக் எனப்படும் பல அடுக்குப் பூச்சு 99 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பித் தரும். எனவே குறைந்த விலையில் வாங்கும்போது, அதே விலையுள்ள ரூஃபைவிடப் போரோவே பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். கடைகளில் அதைப் பழைய பாணி என்று ஒதுக்கி வைத்திருந்தாலும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது ஈ.டி. கண்ணாடி, அதாவது நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி. வெளுத்த வானத்தின் முன்னே நிற்கும் கருப்பு அரிவாள் மூக்கனின் வளைந்த அலகையோ, நிழலான மரத்தின் முன்னே நிற்கும் வெண்கொக்கின் முதுகையோ மலிவான கருவியில் பாருங்கள்: விளிம்பை ஒட்டி ஊதாவும் பச்சையும் கலந்த கோடு தெரியும். வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு இடத்தில் குவிவதால் வரும் குறை அது. ஈ.டி. கண்ணாடி அதைப் பெரிதும் குறைக்கிறது. சிலர் இந்தக் கோட்டைக் கவனிப்பதே இல்லை. சிலருக்கு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் இதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது காட்சிப் பரப்பு. இதை எப்போதும் எண்ணாகவே கேளுங்கள். நிக்கான் நிறுவனத்தின் மொனார்க் எம்5 8×42இல் அது 6.4 பாகை, அதாவது 1,000 மீட்டர் தொலைவில் 112 மீட்டர் அகலம் தெரியும். மேல்வரிசையான எம்7 8×42இல் 8.3 பாகை, 145 மீட்டர். இரண்டிலும் ஈ.டி. கண்ணாடி உண்டு, இரண்டும் ஒரே உருப்பெருக்கம். விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இந்த அகலமே. காட்டில் பறந்து திரியும் அரசவால் ஈப்பிடிப்பானைத் தொடர்பவருக்கு அந்த 33 மீட்டர் பெரிய உதவி. ஏரிக்கரையில் நிதானமாகப் பார்ப்பவர் அது இல்லாமலே இருந்துவிடலாம்.

ஐந்தாவது, காற்றும் நீரும் புகாத அடைப்பு. உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடிய கருவியில் உட்புறம் ஆவி படியாது. நம் கடற்கரை ஈரத்திலும் வடகிழக்குப் பருவமழையிலும் மலைக்காட்டிலும் பூஞ்சை வில்லைகளைத் தின்றுவிடும் என்பதால், இதைச் சொகுசாக எண்ண வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் அப்பால், லட்சங்களில் விற்கும் ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா, ஸைஸ் ஆகியவற்றின் உச்ச வரிசைகள் தருவது ஓரம்வரை மாறாத கூர்மை, பட்டுப்போன்ற குவிப்புச் சக்கரம், 90 சதவீதத்தைத் தாண்டிய ஒளி, பல்லாண்டு உழைக்கும் உடல். அவை உண்மையிலேயே அழகான கருவிகள். ஆனால் நல்ல நடுத்தரக் கருவியிலிருந்து அங்கே ஏறுவதில் கிடைக்கும் முன்னேற்றம், மலிவானதிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறுவதில் கிடைப்பதைவிட மிகக் குறைவு, விலையோ பத்து மடங்கு.

படி 4: அடிமட்டத்தை வரையுங்கள்

கீழ்க்கண்டவை இல்லாத கருவியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்: முழுப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு, பாக்-4 எனப்படும் மேலான வகைக் கண்ணாடியாலான பட்டகம், எட்டு மடங்குக் கருவியில் குறைந்தது 6 பாகைக் காட்சிப் பரப்பு, இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யும் வளையம். மூக்குக் கண்ணாடி அணிவோர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இருக்கக்கூடிய தொலைவு குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையேல் வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரியும், காட்சிப் பரப்புக்காகக் கொடுத்த பணம் வீண். விலை குறைந்த போரோக்களில் நன்கு அறியப்பட்ட நிக்கான் அக்யூலான் ஏ211 8×42இல் இந்தத் தொலைவு 12 மி.மீ.தான்; அது நீர்புகாக் கருவியும் அன்று. வெறுங்கண்ணோடு வெயில் காலத்தில் பார்ப்பவருக்கு நிறைவான அதே கருவி, கண்ணாடி அணிந்து மழைக்காலத்தில் செல்பவருக்குப் பொருந்தாது.

படி 5: விலைப் படிகளில் உங்கள் இடம்

விலைகள் கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் மாறுபவை. இங்கே தருபவை தோராயமான வரம்புகள் மட்டுமே. 5,000 ரூபாய்க்குக் கீழே மேற்சொன்ன அடிமட்டத்தைத் தொடும் புதிய கருவி கிடைப்பது அரிது, ஆகவே அந்தத் தொகை மட்டுமே கையில் இருந்தால் நண்பரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக நேர்மையான போரோக்களும், அதற்குச் சற்று மேலே எளிய நீர்புகா ரூஃப்களும் கிடைக்கின்றன. புதியவருக்கும், மாதம் ஓரிரு முறை வெளியே செல்பவருக்கும் இங்கேயே நிற்பதில் எந்தக் குறையும் இல்லை. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இத்தகைய கருவியோடு வந்து, நீர்ப்பறவைகள் எல்லாவற்றையும் பிழையின்றிக் கணக்கிடுபவர்கள் பலர் உண்டு.

25,000 முதல் 40,000 ரூபாய் வரை உள்ள படியில் ஈ.டி. கண்ணாடி, கட்டப் பூச்சு, டைஎலக்ட்ரிக் பூச்சு, முழு அடைப்பு ஆகிய நான்கும் ஒன்றுசேர்கின்றன. வாரந்தோறும் செல்பவருக்கும், காடும் அந்தியும் பட்டியலில் உள்ளவருக்கும் இதுவே சரியான இடம். 10,000 ரூபாய்ப் படியில் வாங்கியவர் ஓரிரு ஆண்டு கழித்து ஏற வேண்டிய இடமும் இதுதான். நடுவே 18,000, 20,000 என்று சிறுசிறு படிகளாக ஏறுவது பணத்தைச் சிதறடிக்கும். அதற்கு மேலே 50,000 முதல் ஒரு லட்சம் வரை உள்ள படியில் அகலமான காட்சிப் பரப்பும் நேர்த்தியான இயக்கமும் கிடைக்கும். லட்சங்களின் படி, நாள்தோறும் பல மணி நேரம் கண்ணில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கும் வழிகாட்டிக்கும் நியாயமான செலவு.

குழந்தைக்கு வாங்குபவர் தனி வழியில் செல்ல வேண்டும். பெரியோருக்கான கருவிகளில் இரு குழல்களின் இடைவெளியைக் குழந்தையின் கண்ணளவுக்குச் சுருக்க முடிவதில்லை. எடை குறைந்த, உருப்பெருக்கம் குறைந்த சிறு கருவியே ஏற்றது. பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 அரை மீட்டர் நெருக்கத்திலும் குவியும் என்பதால் வண்ணத்துப்பூச்சியும் தட்டானும் பார்க்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி தரும்.

படி 6: உச்சத்தை உங்கள் கண்ணே சொல்லட்டும்

வாங்கும் முன் பறவை நோக்குநர் குழு ஒன்றோடு ஒரு காலை நடை சென்று, அங்குள்ளோரிடம் பணிவாகக் கேட்டு, வெவ்வேறு விலையுள்ள கருவிகளை ஒரே பறவையின் மீது வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள். விலையைக் கேட்காமல் முதலில் பார்ப்பது நல்லது. எந்தக் கட்டத்தில் இதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை என்று உங்கள் கண் சொல்கிறதோ, அந்தக் கட்டத்தில் உங்கள் உச்சம் முடிகிறது. பிறகு கணக்குப் போடுங்கள்: நல்ல கருவி பத்தாண்டு எளிதாக உழைக்கும். ஆண்டுக்கு முப்பது முறை செல்பவருக்கு 30,000 ரூபாய்க் கருவி ஒரு நடைக்கு நூறு ரூபாய்; ஆண்டுக்கு மூன்று முறை செல்பவருக்கு அதுவே ஆயிரம். பின்னவர் 10,000 ரூபாயில் நிறுத்திக்கொண்டு, மீதத்தைக் கூந்தன்குளத்துக்கோ கோடியக்கரைக்கோ செல்லும் பயணத்துக்கு வைத்தால் அதிகப் பறவைகளைப் பார்ப்பார்.

படி 7: கையில் எடுத்துச் சோதியுங்கள்

ஒரே மாதிரியின் இரண்டு கருவிகளுக்குள்ளும் வேறுபாடு இருக்கும், குறிப்பாக விலை குறைந்தவற்றில். கருவியைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்குங்கள்: பின்வில்லையில் தெரியும் ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் மங்கினால் பட்டகம் தாழ்ந்த வகை. அடுத்து எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பையோ மின்கம்பியையோ பார்த்து, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து ஏறி இறங்கினால் குழல்கள் இணையாக இல்லை. அதை வாங்கினால் அரைமணி நேரத்தில் தலைவலி வரும். தென்னங்கீற்றை வானத்தின் முன்னே பார்த்து ஊதாக் கோட்டைத் தேடுங்கள். முன்வில்லையில் குழல்விளக்கின் பிம்பம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் அந்தப் பரப்பு பூச்சற்றது. கடைசியாக, குவிப்புச் சக்கரத்தை இரு திசையிலும் திருப்பி, குவியம் மாறாமல் சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் வாங்குபவர் திருப்பியனுப்பும் காலத்துக்குள் இத்தனையையும் வீட்டில் செய்துவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் விற்ற நாட்டோடு நின்றுவிடும்.

படி 8: கருவிக்கு வெளியே ஒதுக்க வேண்டியது

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். 8×42 கருவி பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் எடை கொண்டது. கழுத்தில் தொங்கும் மெல்லிய வாரோடு மூன்று மணி நேரம் நடந்தால் பிடரி வலிக்கும். இரு தோளிலும் எடையைப் பகிரும் வார்ப்பட்டை வாங்கிக்கொண்டால் கருவி கூடவே வரும், பையில் தூங்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் பூஞ்சையிலிருந்து காக்கும். தோல் உறையிலோ பீரோவிலோ மழைக்காலம் முழுவதும் வைத்திருந்தால் எந்த விலைக் கருவிக்கும் ஆபத்துதான்.

பழைய கருவி வாங்க வாய்ப்பிருந்தால், முன்வில்லையின் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். உடலில் கீறல், ரப்பரில் தேய்வு ஆகியவை பொருட்டல்ல. குழல்கள் இணையாக இருந்து உட்புறமும் தூய்மையாக இருந்தால், ஒரு படி மேலேயுள்ள கருவியை அதற்குக் கீழுள்ள படியின் விலைக்கு வாங்க அதுவே நல்ல வழி. வலசைப் பறவைகள் நவம்பருக்குள் பெருமளவில் வந்து சேர்ந்துவிடுவதால், தேடலை ஆகஸ்டிலேயே தொடங்கினால் சோதிக்கவும் திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கும்.